பிளக்ஸ் கிழிந்த பிறகு

மே மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் கட்சித் தலைவர்களுக்கே இடம் கிடைப்பதில்லை. அவர்கள் கும்பிட்டுக்கொண்டு நின்ற கம்பங்களில் இரட்டைச் சடைப் பெண்களும் மீசை அரும்பாத பையன்களும் வரிசையாக வந்து நின்றுவிடுகிறார்கள். 600க்கு 597. 600க்கு 594. 'சென்டம்' எடுத்தவர்களுக்குத் தனிக் கட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகளின் படத்தைவிட மூன்று மடங்கு பெரிதாகத் தாளாளர் படம். பரீட்சை எழுதியது அவர்தானோ என்று வழிப்போக்கர்களுக்குச் சந்தேகம் வரும்.

2017-இல் மாநில அரசு ஒரு காரியம் செய்தது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. பிள்ளைகளுக்கு மன உளைச்சல் வேண்டாம் என்றார்கள். நல்ல காரியம்தான். தனியார் பள்ளிகள் ஒரு நாள் துக்கம் அனுசரித்துவிட்டு மறுநாள் பிளக்ஸ் கடைக்குக் கிளம்பின. மாநில முதலிடம் இல்லாவிட்டால் என்ன, ஒன்றிய முதலிடம் இருக்கிறது. அதுவும் இல்லையா, பாடவாரியாக முதலிடம். கடைசியில் பள்ளி வேன் போகிற தடத்தில் முதலிடம் என்று ஒரு பிளக்ஸ் வைத்தாலும் நாம் நின்று படித்துவிட்டுத்தான் போவோம்.

போன வருடம் இதே கம்பத்தில் சிரித்த பிள்ளை இப்போது எங்கே படிக்கிறது? பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். "நல்லா செட்டில் ஆயிட்டாங்க சார்" என்பார்கள். எந்தக் கல்லூரி என்று கேட்டால், "பெரிய காலேஜ்தான் சார். உங்க பிள்ளை எத்தனாவது?" மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த நாளோடு பள்ளிக்கும் பிள்ளைக்கும் கணக்கு முடிந்தது. பழைய பிளக்ஸ் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போயிருக்கும். அதன் முகவரியையாவது விசாரித்துக் கண்டுபிடித்துவிடலாம். அதில் சிரித்த பிள்ளையின் முகவரி ஒருவரிடமும் இல்லை.

பயிற்சி மையங்களின் சாமர்த்தியம் இதற்கும் ஒரு படி மேல். ஒரே முகம் மூன்று மையங்களின் விளம்பரத்தில் சிரிக்கும். ஒன்றில் வகுப்புக்குப் போனவன். இன்னொன்றில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவன். மூன்றாவதில் வாசலில் நின்று விவரக் கையேடு வாங்கியவனாக இருக்கக்கூடும். இந்தக் கூத்து முற்றிப்போய், 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனியாக வழிகாட்டு நெறிகளே போட வேண்டியதாயிற்று. தேர்ச்சிக்குப் பிறகு அந்த மாணவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் படத்தைப் போடாதே, அவர் உன்னிடம் படித்தது எந்தப் பாடம் என்பதைச் சொல் என்றது. சோப்புக்கும் சிகைக்காய்க்கும் எழுதுகிற விதிகளை மாணவனின் முகத்துக்கும் எழுதியிருக்கிறார்கள். சரக்கு எது என்பதில் ஆணையத்துக்குக் குழப்பமில்லை.

இந்தச் சரக்கு உற்பத்தியின் தலைநகரம் நெடுங்காலம் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம். முட்டைக்குப் பேர்போன ஊர். 'பிராய்லர் பள்ளி' என்ற பெயர் அங்கே தானாகவே ஒட்டிக்கொண்டது. முறை எளிமையானது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை விடுதியில் அடைக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது. இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். வாரத் தேர்வு, தினத் தேர்வு, சாப்பாட்டுக்கு முன் ஒரு தேர்வு. ஞாயிற்றுக்கிழமை அம்மா எடுத்துவரும் கோழிக்குழம்புக்கு அரை மணி நேரம். இரண்டு வருடத்தில் 1200க்கு 1180 விளைந்துவிடும்.

விளைந்தவர்கள் போன இடம் கிண்டி, குரோம்பேட்டை, கோவைப் பொறியியல் கல்லூரிகள். பதினொன்றாம் வகுப்பில் படித்திருக்க வேண்டிய திரிகோணமிதியையும் இயக்க விதிகளையும் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். முதல் பருவத்திலேயே கணிதத்தில் அரியர். கணிதத்தில் இருநூற்றுக்கு இருநூறு எடுத்தவன் கணிதத்தில் பெயிலாவது எப்படி என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பையன் கெட்டுப்போய்விட்டான், செல்போன், சினிமா, சகவாசம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவனை அந்த இருநூறுக்காகக் கொழுக்க வைத்தவர்கள் அடுத்த வருட அட்மிஷனில் மும்முரமாக இருந்தார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018-லேயே, அந்த மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று தேர்வின் பல்லைப் பிடுங்கினார்கள். 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை தேர்வையே எடுத்துவிட்டது. காரணம், மறுபடியும் பிள்ளைகளின் மன உளைச்சல். பிள்ளைகளுக்கு உளைச்சல் குறைந்ததா தெரியாது, தாளாளர்களுக்குக் குறைந்திருக்கும். இடைக்காலத்தில் அவர்களும் சும்மா இருக்கவில்லை. பழைய கட்டடம், பழைய விடுதி, பழைய வார்டன். வாசல் பலகையில் மட்டும் 'நீட் அகாடமி' என்று புதுப் பெயிண்ட்.

மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வைப் பற்றிப் பேசினால் சிலருக்கு உடனே கோபம் வரும். "தகுதி வேண்டாமா சார்?" என்பார்கள். அப்படிக் கேட்பவரின் மகன் பெரும்பாலும் இரண்டு வருடம் 'ரிப்பீட்டர் பேட்ச்'சில் இருந்திருப்பான். தகுதி கட்டாயம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுவோம்.

நீட்டுக்கு மொத்தம் 720. 2022-இல் பொதுப்பிரிவினர் தகுதி பெறத் தேவைப்பட்டது 117. நூற்றுக்குப் பதினாறு சொச்சம். பிளஸ் டூவில் இந்தக் கணக்கில் மார்க் வாங்கினால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். நீட்டில் வாங்கினால் 'தகுதி பெற்றவர்' என்று சான்று. அந்தச் சான்றோடு அரசு மருத்துவக் கல்லூரிப் பக்கம் போக முடியாது. அங்கே உள்ள கூட்டத்தில் 117 எடுத்தவரைக் காவலாளிகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். அங்கே பல இடங்களில் ஆண்டுக் கட்டணம் இருபது லட்சத்துக்கு மேல். 400 எடுத்த நெசவாளி மகள் அந்தக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். 130 எடுத்த நகைக்கடைக்காரர் மகன் கட்டிவிட்டுச் சேர்கிறான். இருவருக்கும் வைத்தது ஒரே தேர்வு. நாடு முழுக்க ஒரே அளவுகோல் என்று இதற்குத்தான் பெயர்.

மேற்படிப்புக்கு அதுவும் தேவையில்லை என்றாகிவிட்டது. 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டின் தகுதி அளவை பூஜ்ஜிய பர்சன்டைலுக்கு இறக்கினார்கள். தேர்வறைக்குப் போய் உட்கார்ந்து எழுந்து வந்தவர் எல்லோரும் தகுதி பெற்றவர். கழித்தல் மதிப்பெண் எடுத்தவரும் சிறப்பு மருத்துவராகலாம். இடங்கள் காலியாகக் கிடந்தனவாம். தகுதி, தரம், திறமை என்று தொலைக்காட்சியில் தொண்டை கட்டும்வரை கத்தியவர்கள் அன்று மட்டும் பல்வலி என்று வீட்டில் இருந்துவிட்டார்கள்.

2024 நீட் இன்னும் சுவையானது. முடிவு வர வேண்டிய நாள் ஜூன் 14. வந்தது ஜூன் 4. நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நடந்த அதே நாள். நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த நேரம். 67 பேர் 720க்கு 720. 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண். பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் வினாத்தாள் வெளியே வந்திருந்தது. வழக்குகள், திருத்தங்கள் எல்லாம் முடிந்து பார்த்தால் அந்த 67 பேர் 17 பேராகச் சுருங்கியிருந்தார்கள். மறுதேர்வு வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். கசிவு நாடு தழுவியதாக இல்லையாம். வினாத்தாள் இரண்டு ஊரில் மட்டும் திருடு போனால் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது போலிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு நுழைவுத் தேர்வு புதிதல்ல. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. 2006-இல் கருணாநிதி ஆட்சி சட்டம் போட்டு அதை எடுத்தது. பத்து வருடம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவர்களை உருவாக்கினோம். அவர்கள்தான் இன்று நம் அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கிறார்கள். அவர்கள் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து 2017-இல் என்ன நடந்தது என்பதை அரியலூர் மாவட்டம் குழுமூரில் கேட்க வேண்டும். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 1200க்கு 1176 எடுத்தாள். மருத்துவத்துக்கான கட்-ஆஃப் 196.75. முந்தைய வருட முறைப்படி அரசுக் கல்லூரியில் இடம் உறுதி. அந்த வருடம் நீட்டிலிருந்து விலக்கு கிடைக்கும் என்று மாநிலம் சொன்னது. ஒரு வருடத்துக்கு மட்டும் தரலாம் என்று மத்திய அமைச்சரே ஆகஸ்ட் மாதத்தில் சொன்னார். பதினேழு வயதுப் பிள்ளை அதை நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? உச்ச நீதிமன்றம்வரை போனாள். ஆகஸ்ட் 22-இல் கதவு மூடியது. செப்டம்பர் 1-ஆம் தேதி அவள் உயிரோடு இல்லை.

அதன் பிறகு கார்கள் வந்தன. குழுமூர் அதுவரை பார்த்திராத கார்கள். மாலை, மைக், நிவாரணக் காசோலை. அனிதாவுக்கும் பிளக்ஸ் வைத்தார்கள், ஊர் ஊராக. 2023-இல் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவள் பெயரைச் சூட்டினார்கள். உயிரோடு இருந்தவரை உள்ளே உட்கார ஒரு பெஞ்சு தராத மருத்துவக் கல்வி, செத்த பிறகு சுவரில் பெயரெழுத இடம் தந்தது. இதைப் பெருமை என்று மேடையில் பேசுகிறவர்களுக்குக் கொஞ்சமாவது நா கூச வேண்டும்.

அவள் சாவுக்குப் பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்க மூன்று வருடம் ஆயிற்று. 2020 செப்டம்பர் 15-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா ராஜ்பவனில் ஒன்றரை மாதம் ஓய்வெடுத்தது. அரசு பொறுக்க முடியாமல் அக்டோபர் 29-இல் அரசாணை போட்டது. மறுநாளே ஆளுநரின் கையெழுத்து வந்தது. பேனாவில் மை அன்றைக்குத்தான் நிரப்பினார்கள் போலும். 7.5 என்பது பெரிய தானம் அல்ல. தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெருங்கூட்டம் படிப்பது அரசுப் பள்ளியில். அவர்களுக்கு நூற்றில் ஏழரை. அந்த ஏழரையைத்தான் 'தகுதிக்குக் கேடு' என்று எதிர்த்தார்கள். நிகர்நிலைக் கல்லூரியில் 117க்கு இடம் கிடைத்தபோது கெடாத தகுதி இங்கே வந்து கெட்டுவிட்டதாம்.

சரி, மருத்துவம் போகட்டும், பொறியியலுக்கு வருவோம். ஒரு காலத்தில் கலந்தாய்வு என்றால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகம். ராமநாதபுரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, மரத்தடியில் துண்டு விரித்துப் படுத்து, காலையில் முகம் கழுவிக்கொண்டு திரையில் காலியிடத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்தில் படுத்திருந்த முன்பின் தெரியாத இன்னொரு அப்பா, "அந்தக் காலேஜ் வேணாங்க, பேருதான் பெருசு" என்று சொல்லித் திருத்துவார். 2018 முதல் எல்லாம் இணையவழி. மரத்தடி இல்லை. திருத்துகிறவர் இருந்த இடத்தில் பிரௌசிங் சென்டர்காரர் இருக்கிறார். விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியை மேலே போடுவது என்பதை அவர்தான் சொல்கிறார். அவருக்கு யார் சொல்கிறார்கள் என்பதை வட்டாரத்து அட்மிஷன் புரோக்கர்களிடம் கேட்கலாம். தலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிற தொழில் அது.

இங்கே கட்-ஆஃப் இருநூறுக்கு. அரை மார்க் குறைந்தால் எத்தனையோ பேருக்குப் பின்னால் தள்ளிவிடும். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் என்றால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், இப்படியே பிறந்த தேதிவரை. அதுவும் ஒன்றானால் ரேண்டம் எண். பன்னிரண்டு வருடப் படிப்பு கடைசியில் குலுக்குச் சீட்டில் போய் நிற்கும். பக்கத்து மேனேஜ்மென்ட் கோட்டா வரிசையில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அங்கே கேட்பது ஒரே கேள்வி: "முழுசாக் கட்டுறீங்களா, ரெண்டு தவணையா?" கட்டாய நன்கொடையைத் தடை செய்து தமிழ்நாடு 1992-லேயே சட்டம் போட்டாயிற்று. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு கல்லூரி நடுங்கியதாக நான் பார்த்ததில்லை. ரசீது கேட்டால் சீட் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை.

என்ன படிப்பது என்பதிலும் கேள்வி கிடையாது. கம்ப்யூட்டர் சயன்ஸ். பாலம் கட்டும் ஆசையோடு வந்த பிள்ளைக்கும் அதுதான். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 2024-25 முதல் எடுத்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று பலகைகள் பெருகின. பலகை நான்கு, பாடம் நடத்துகிறவர் ஒருவர். அவரும் அந்தக் கல்லூரிக்கு மட்டும் சொந்தமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாக இருந்தார்கள். சிலர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். கார்த்தவீரியனுக்கு ஆயிரம் கைகள் இருந்ததாகப் புராணம் சொல்கிறது. ஒரே உடம்பில் இருந்ததால் அவனால் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. இணைப்பு அனுமதிக்காக ஆய்வுக்குப் போன குழுக்கள் இவர்களைக் கண்ணால் பார்த்து, எண்ணிக் கையெழுத்துப் போட்டவை. கட்-ஆஃப் 170 எடுத்த கெட்டிக்காரப் பிள்ளையை அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அப்பா கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஐஐடிக்குப் போனால் தப்பித்தோமா? உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலித் தொழிலாளியின் மகன், பட்டியல் வகுப்புப் பையன், 2024-இல் தன் கடைசி வாய்ப்பில் தேர்வு பெற்று தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் இடம் வாங்கினான். சேர்வதற்குக் கட்ட வேண்டியது 17,500 ரூபாய். மாலை 5 மணிக்குள். ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து முடிக்கையில் 4.45. விவரங்களைப் பதிந்துகொண்டிருக்கும்போதே இணையதளம் மூடிக்கொண்டது. தேசிய எஸ்.சி. ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையம், சென்னை உயர் நீதிமன்றம் என்று அலைந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனான். செப்டம்பர் 30-இல், அரசமைப்பின் 142-ஆம் பிரிவில் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவனைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது நீதிமன்றம். ஐஐடி தரப்பு அதுவரை அவனை எதிர்த்து வாதாடிக்கொண்டிருந்தது. நல்ல தீர்ப்பு, நீதிபதிகளுக்கு நன்றி. ஒரு கூலிக்காரர் மகன் 17,500 ரூபாய் கட்ட நாட்டின் தலைமை நீதிபதி உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம்வரை பஸ் காசு இல்லாமல் ஊரிலேயே நின்றுவிட்டவர்களின் பட்டியலை எந்த ஐஐடியும் வெளியிடாது.

ராமானுஜன் பெயரைச் சொல்லி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22-இல் கணித தினம் கொண்டாடுகிறோம். கும்பகோணம் அரசுக் கல்லூரி அவரது உதவித்தொகையை நிறுத்தியது. பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேறவில்லை. இன்றைக்கு இருந்திருந்தால் அவரை ரிப்பீட்டர் பேட்ச்சில் போட்டு, சொந்தமாகத் தேற்றங்கள் எழுதும் நோட்டைப் பிடுங்கி, 'ஷார்ட்கட் ஃபார்முலா' புத்தகத்தைக் கையில் கொடுத்திருப்போம். கணிதம் படிக்கப் போகிறேன் என்றிருந்தால், "மேத்ஸ் படிச்சா சோறு போடுமா?" என்று பெரியப்பா கேட்டிருப்பார். அந்தக் கேள்வி கேட்பதற்கென்றே நம் குடும்பங்களில் ஒரு பெரியப்பா இருக்கிறார்.

அரசாங்கத்தையும் தாளாளரையும் இதுவரை திட்டியாகிவிட்டது. படித்துக்கொண்டு வந்த உங்களுக்கும் குளிர்ந்திருக்கும். இனி வீட்டுக்குள்ளே வருகிறேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலேயே இருக்கும். அக்கா அரசுப் பள்ளியில் 571. தம்பி, இரண்டு வருடம் கழித்து, மெட்ரிகுலேஷனில் 402. அக்காவைப் பொறியியலுக்குப் பதியலாம் என்று வகுப்பாசிரியை சொல்லியனுப்புகிறார். அப்பா யோசிக்கிறார். "கோயமுத்தூரா? ஹாஸ்டலா? பொம்பளப் புள்ளய எப்படிங்க டீச்சர் அவ்வளவு தூரம்..." அம்மா ஒன்றும் சொல்வதில்லை, அவரை எட்டாம் வகுப்போடு நிறுத்தியபோதும் இதே வாக்கியத்தைத்தான் கேட்டிருந்தார். முடிவாகிறது: டவுன் பஸ் போகிற தூரத்தில் உள்ள மகளிர் கல்லூரி. பி.எஸ்சி. கணிதம். காலையில் எட்டேகால் பஸ்ஸில் போனால் சாயங்காலம் நாலரைக்கு வீடு. பெண் எங்கே படித்தால் வளர்வாள் என்று பேச்சே எழவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் பேசினார்கள்.

தம்பி விஷயத்தில் தூரம் ஒரு தடையே இல்லை. கோயமுத்தூர், சென்னை, எங்கே வேண்டுமானாலும். 402க்குக் கலந்தாய்வில் நல்ல கல்லூரி வராது என்றதும் அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, மேட்டுக்காட்டில் அரை ஏக்கர் கைமாறுகிறது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் வந்துவிடுகிறது. நகை யாருக்கென்று சேர்த்தது என்று கேட்காதீர்கள். அக்காவின் கல்யாணத்துக்குச் சேர்த்தது.

இதில் 'முதல் பட்டதாரி' சலுகையின் கதை தனி. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை தருகிற நல்ல திட்டம், 2010-இல் வந்தது. வீட்டில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் யார் என்பதைக் குடும்ப சபை கூடித் தீர்மானிக்கிறது. "அத பையனுக்கு வச்சுக்குவோம்" என்கிறார்கள், கூரைப்புடவையை எடுத்துவைக்கிற மாதிரி. 571 எடுத்தவள் பக்கத்து அறையில் தம்பியின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு அதைக் கேட்கிறாள்.

2022 முதல் அரசு புதுமைப்பெண் திட்டத்தில் அவள் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறது. நல்லது. கல்லூரிக்கே வராமல் நின்றிருக்கக்கூடிய பெண்கள் அதனால் வருகிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கிண்டிக்குப் போக வேண்டியவளை எட்டேகால் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மாதம் ஆயிரம் வருகிறதே என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். இரண்டாம் வருடத்தில் பெண் பார்க்க வருகிறார்கள். "படிப்ப நிறுத்த மாட்டோம், கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கட்டும்" என்று மாப்பிள்ளை வீட்டார் வாக்குக் கொடுக்கிறார்கள். அந்த வாக்கை யாரும் பத்திரத்தில் எழுதி வாங்குவதில்லை. மூன்று வருடம் கழித்து, அவளுடைய பள்ளி இன்னும் தன் சுவரில் அவள் பெயரைப் பெயிண்டில் வைத்திருக்கும். அவளோ அடுத்த ஊரில் மாமியார் வீட்டு மளிகைக் கணக்கைப் பிழையில்லாமல் போட்டுக்கொண்டிருப்பாள். கடன் நோட்டில் ஒரு பைசா தவறாது. மளிகைக்கடைக்காரருக்கே அவளிடம் பயம்.

ஊருக்கு ஊர் இப்படி ஒருத்தி இருக்கிறாள். அவளை நீட் தடுக்கவில்லை. ஆளுநர் கையெழுத்துப் போட மறுக்கவில்லை. டெல்லி சதி செய்யவில்லை. பெற்ற அப்பா, கூடப் பிறந்த தம்பி, காபி குடித்துக்கொண்டே தலையாட்டிய பெரியப்பா, ஒன்றும் சொல்லாமல் நின்ற அம்மா, எல்லோருமாகச் சேர்ந்து பாசத்தோடு செய்த வேலை அது. பெண்ணுக்கு நல்லதைத்தான் செய்தோம் என்று இன்றைக்கும் நம்புகிறார்கள்.

உங்கள் வீட்டில் இந்த வருடம் பிளஸ் டூ முடித்த பெண் இருந்தால் சில காரியங்கள் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வுக்கு அவள் பெயரைப் பதியுங்கள். இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அவள் பெயரில், தம்பி பெயரில் அல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அந்த 7.5 விழுக்காடு உண்டு. அதில் பொறியியலில் சேர்ந்தால் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. விருப்பப் பட்டியலை பிரௌசிங் சென்டர்காரரிடம் விடாமல் அவளையே உட்கார்ந்து நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி என்ன என்று உங்களைவிட அவளுக்குத் தெரியும். விடுதியில் சேர்க்கும் நாளில் கூடப் போய்ப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரை நான்கு வருடம் கழித்து, அவளைக் கேட்டுக்கொண்டு, வரச் சொல்லலாம்.